பாலைப்பழ ஐஸும் மச்சாளின் வியாழக்கிழமைகளும்

மச்சாள்,

இன்று விடியக்காலமை, காட்டுப் பழம் பிடுங்கி விற்கிற ராசு அண்ணை வந்து எங்கள் வாசலில் இரண்டு வாளிகளை இறக்கி வைத்தார். மேலே மூடியிருந்த தேக்கிலையை எடுத்ததும் மணம் குசினி வரைக்கும் வந்துவிட்டது. தேனையும் மரப்பாலையும் சேர்த்துக் காய்ச்சினது போன்ற அந்த மணம் வேறு எந்தப் பழத்துக்கும் இல்லை. பால் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போனேன். வாளி நிறைய மஞ்சள் மஞ்சளாகப் பாலைப்பழம்.

"காடு முழுக்கப் பழுத்துக் கிடக்குத் தங்கச்சி. கரடியோடை போட்டி போட்டுப் பிடுங்கினது," என்றார் ராசு அண்ணை. "அவ இருந்தால் கேள்வி கேளாமல் ரெண்டு வாளியையும் எடுத்திருப்பா. நீங்கள் எடுக்கிறியளோ, இல்லாட்டி நான் பரந்தன் சந்தியிலை போய்க் குந்தட்டோ?"

அவ என்று அவர் சொன்னது உங்களைத்தான். மத்தியானம் சொல்கிறேன் என்று சொல்லி வாளிகளை மாமர நிழலில் வைப்பித்தேன். அவர் கிளிநொச்சிச் சந்தைக்கு ஒரு அலுவலாகப் போய்விட்டார். பாலைப்பழம் காத்திருக்கிற பழம் இல்லை. இன்றைக்கு எடுத்தால் இன்றைக்கே பிழிய வேண்டும். ஆகவே நீங்கள் கடைசியாகச் செய்த அந்தப் பாலைப்பழ ஐஸை இந்த வருடமும் செய்வதா, விடுவதா என்று மத்தியானத்துக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஆண்டு நினைவுக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்க உங்கள் மகள் துளசி நினைத்திருக்கிறாள். "மாமி, நீங்களும் அம்மாவைப் பற்றி எழுதுங்கோ," என்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உங்களோடு கதைக்கிற மாதிரித்தான் எனக்கு எழுத வரும். இன்றைக்கு நடந்ததையே எழுதுகிறேன். உங்களைப் பற்றி இதைவிட நல்லதாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மீளக் குடியேறி வந்த காலத்தை யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நீங்களும் உதவிக்குப் பெயர் எழுத வந்த உத்தியோகத்தர் தம்பியும்தான். அண்ணனையும் என் வீட்டுக்காரரையும் சண்டை கொண்டுபோய்விட்டது. தகரக் கொட்டிலில் நீங்கள், நான், பள்ளிக்கூடம் போகிற துளசி. வாழ்வாதார உதவி தருகிறோம், என்ன வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ஊர் முழுக்கக் கோழியும் ஆடும் தையல் மெசினும் கேட்டது. நீங்கள் பெரிய பிறீசர் ஒன்று வேண்டும் என்றீர்கள்.

அந்தத் தம்பி பேனையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். "அம்மா, உங்கடை ஊருக்கு இன்னும் கறண்டே வரேல்லை. பிறீசரை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"கறண்ட் வந்தாப் பிறகு எல்லாரும் கேப்பினம் தம்பி. அப்ப எனக்குக் கிடையாது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் எழுதியும் கொண்டார். பெட்டி வந்தது, கறண்ட் வரவில்லை. கறண்ட் வரும் வரைக்கும் நாங்கள் அதற்குள் விதைநெல் வைத்தோம். எலி தொடாத பெட்டி அந்த ஊரில் அது ஒன்றுதான். பரிமளம் அப்போது பக்கத்துக் காணிக்காரி மட்டும்தான், எங்களோடு வேலைக்கு வரவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னடியப்பா, நெல்லு உறைஞ்சிட்டுதோ?" என்று நாளும் பொழுதும் கேட்பாள். நீங்கள், "இல்லையடி, இன்னும் ஐஞ்சு நிமிசம்," என்று சொல்வீர்கள். அவள் கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும். உங்களுக்கு வெட்கம் என்கிற சாமானே கடவுள் வைக்கவில்லை.

கறண்ட் வந்த கிழமையே நெல்லை அள்ளிவிட்டுப் பால் ஐஸ்பழம் போட்டோம். பாலும் சீனியும் கொஞ்ச ஏலமும். அச்சில் ஊற்றித் தடி குத்தி உறைய வைத்து, சைக்கிளில் பெட்டி கட்டி மணி அடித்துக்கொண்டு போகிறவர்களிடம் கொடுத்தோம். பள்ளிக்கூட வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் நல்லாக விற்றது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பரிமளமே அச்சுக் கழுவ வந்து சேர்ந்தாள். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை. வியாழக்கிழமை பின்னேரங்களில் அச்சில் பாதியை விற்பனைக்குத் தராமல் ஒதுக்கி வைத்தீர்கள். அந்தப் பாதியில் ஒவ்வொரு கிழமையும் முன்னம் செய்யாத ஏதோ ஒன்றை ஊற்ற வேண்டும் என்றீர்கள்.

"ஏன் மச்சாள் வியாழன்?"

"பிழையாப் போனால் வெள்ளிக்கிழமை கோயிலிலை போய் அழலாம்."

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடர் நிறைய இருந்தது, பாதி அச்சு சும்மா கிடந்தது. "விக்கிறதை வடிவா வித்தால் காணாதே மச்சாள்? இது எங்களுக்குத் தேவையோ?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் சீனி கரைத்துக்கொண்டு நின்றீர்கள். அகப்பையை நிறுத்தவில்லை.

"உந்தப் பால் ஐஸ் எவ்வளவு காலத்துக்கு விக்கும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதுதான் செய்யிறன்."

எல்லாம் தெரிந்தவர்கள்தான் புதிய வேலைகளில் இறங்குவார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். தெரியாது என்பதற்காகவே ஒருவர் இறங்குவார் என்று உங்களிடம்தான் முதன்முதல் கண்டேன்.

பாயாச ஐஸை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சவ்வரிசி, சேமியா, முந்திரிகை வற்றல் எல்லாம் போட்டுக் காய்ச்சி உறைய வைத்தோம். கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் கொடுத்தோம். ஒருவர் பாக்கியில்லாமல், "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு," என்றார்கள். பரிமளம் இரண்டு தரம் வாங்கித் தின்றாள். அந்தச் சொல்லை நம்பி அடுத்த கிழமை எல்லா அச்சிலும் பாயாசத்தை ஊற்றினோம். போன சைக்கிள்கள் போன பாரத்தோடேயே திரும்பி வந்தன.

மறுநாள் நீங்கள் ஐஸ்பழக்காரரின் பின்னால் உங்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போனீர்கள். விற்றது எவ்வளவு என்று பார்க்கப் போகவில்லை. வாங்கின பிள்ளைகள் தின்று முடிக்கிறார்களா என்று பார்க்கப் போனீர்கள். மதில் ஓரப் புல்லுக்குள் பாதி தின்ற ஐஸ்கள் தடியோடு கிடந்து உருகின, எறும்பு மொய்த்தது என்று வந்து சொன்னீர்கள். ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து ஏன் எறிந்தாய் என்று கேட்டீர்களாம். "அன்ரி, உள்ளுக்கை கல்லுக் கிடக்கு," என்றாளாம். சவ்வரிசி உறைந்து கல்லாகிவிட்டது. இதை ஒரு சொந்தக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"அவையிலை பிழையில்லை," என்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். "எங்கடை சனம் உப்பில்லாத கறியைக் குடுத்தாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லும். மரியாதையைக் குடுத்தவை. நாங்கள்தான் அதை ஓடர் எண்டு எடுத்திட்டம்."

அன்றைக்கு வந்ததுதான் எங்கள் குசினிச் சட்டம். வியாழக்கிழமை ருசி பார்க்கும்போது நல்லாயிருக்கு என்ற சொல் வாயில் வரக்கூடாது. வாயில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். பல்லுக் கூசுது, தொண்டையில் நிற்குது, கடைசியில் கசக்குது, அப்படி. மறந்து அந்தச் சொல்லைச் சொன்னவர் அன்றைய அச்சு முழுவதையும் கழுவ வேண்டும். பரிமளத்துக்கு வாய் சும்மா கிடக்காது. கிழமை தவறாமல் அவள்தான் கழுவினாள். "நான் நல்லாயிருக்கு எண்டது உங்கடை சீலையை," என்று ஒரு நாள் தப்பப் பார்த்தாள். "சீலையும் வியாழக்கிழமைதான் கட்டியிருக்கிறன், கழுவு," என்றீர்கள்.

பாயாச ஐஸை விட்டுவிட்டோம். ஆனால் நீங்கள் அதை அதோடு விடவில்லை. கல்லான சவ்வரிசியைத் துப்பிவிட்டு மிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுவைத்தீர்கள். "இஞ்சை வாரும். ஐஸ் நறுக்கு நறுக்கெண்டு இல்லை, வெண்ணெய் மாதிரி இருக்கு. உருகவும் நேரம் எடுக்குது. ஏன்?" என்றீர்கள். அந்த ஏனை வைத்துக்கொண்டு கிழமைக் கணக்கில் இருந்தீர்கள். கடைசியில் சவ்வரிசியைக் காய்ச்சி, வடித்து, அந்தக் கஞ்சித் தண்ணியை மட்டும் பாலில் கலந்து உறைய வைத்தீர்கள். அதுதான் இன்றைக்கும் நாங்கள் விற்கிற பால் ஐஸ். தின்கிறவர்களுக்கு உள்ளே கஞ்சி இருப்பது தெரியாது. முந்தினதை விட வாயில் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய கொம்பனிகள் வந்து ஏ-ஒன்பது வீதிக் கடைகளுக்கெல்லாம் கண்ணாடி போட்ட பிறீசர்களைச் சும்மா கொடுத்தார்கள். தங்கள் சாமானைத் தவிர வேறொன்றும் அதற்குள் வைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கடைக்காரரில் குறை சொல்ல ஏலாது. எங்கள் ஐஸுக்குக் கடைகளில் இடம் இல்லாமல் போயிற்று. எங்களைப் போலப் பால் ஐஸ் போட்ட மற்ற இரண்டு வீட்டுக்காரரும் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் ஐஸ் மட்டும் உருக நேரம் எடுத்தது. அதனால் எங்கள் சைக்கிள்களும் பிறகு மோட்டார் சைக்கிள்களும் கடை இல்லாத இடங்களுக்குப் போக முடிந்தது. வாய்க்கால் கரையால், சூடு அடிக்கிற வயல்களுக்குள்ளால், மல்லாவி வரைக்கும் போய் உருகாமல் கொடுத்தார்கள். பாயாச ஐஸ் எங்களுக்கு ஒன்றும் உழைத்துத் தரவில்லை. ஆனால் அதைச் செய்திராவிட்டால் அந்த வருடம் நாங்களும் பெட்டியைக் கவிழ்த்திருப்போம்.

வயலுக்குள் போன பிறகுதான் மோர் ஐஸ் வந்தது. அரிவு வெட்டுகிற மனிசருக்கு இனிப்பைக் கண்டால் தாகம் கூடுகிறது என்று ஐஸ்பழக்காரர் வந்து சொன்னார். அடுத்த வியாழன் மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் உப்பும் போட்டு உறைய வைத்தீர்கள். முதல் தரம் மிளகாய் கூடிப் பரிமளம் கிணற்றடிக்கு ஓடினாள். இப்போது பால் ஐஸுக்கு அடுத்ததாக அதுதான் போகிறது. பெரிய மனிசர் வெட்கப்படாமல் தின்கிற ஐஸ் அது ஒன்றுதான்.

செய்யத் தெரிந்தது போலவே உங்களுக்கு விடவும் தெரியும். விளாம்பழ ஐஸ் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது. சக்கரை போட்டு, கொஞ்சம் புளிப்போடு. இரண்டு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "அது உம்மடை வாய்க்குச் செய்தது. சனத்தின்ரை வாய்க்கில்லை. உமக்கு வேணுமெண்டால் தனியாச் செய்து தாறன், அச்சை விடும்," என்றீர்கள். சொன்னபடி ஒரு கிண்ணத்தில் செய்தும் தந்தீர்கள்.

போன வருடம் இந்தக் காலத்தில் வருத்தம் உங்களைக் கட்டிலில் போட்டுவிட்டது. மருந்து உங்கள் நாக்கின் ருசியை எடுத்துவிட்டது. அப்போதும் வியாழக்கிழமையை விடவில்லை. கட்டிலைக் குசினி வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னீர்கள். பாலைப்பழத்தில் ஐஸ் செய்ய வேண்டும் என்றீர்கள். வன்னிக்காட்டுப் பழம், வெளியூர்க் கொம்பனிக்காரர் ஒருத்தருக்கும் கிடையாத சாமான், சரிவந்தால் கொழும்புக்கே அனுப்பலாம் என்று கண்ணெல்லாம் மின்னச் சொன்னீர்கள். ராசு அண்ணையின் பழத்தைப் பிழிந்து, வடித்து, பாலில் சேர்த்து ஒரு கரண்டி தந்தேன். வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தீர்கள்.

"எனக்கு எல்லாம் மண் மாதிரிக் கிடக்கு," என்றீர்கள். "இனி உங்கடை நாக்குத்தான் எனக்கு."

முதல் அச்சு உறைந்து எடுத்த கிழமை நீங்கள் இல்லை.

முப்பத்தோராம் நாள் வந்த சனத்துக்கெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாலைப்பழ ஐஸைக் கொடுத்தோம். அவ கடைசியாகச் செய்தது என்று சொல்லிக் கொடுத்தோம். எல்லோரும், "நல்லாயிருக்கு," என்றார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறபோது வேறென்ன சொல்வார்கள். அதை நம்பித் துளசி எல்லாப் பழத்தையும் பிழிந்து ஒரு பிறீசர் நிறையக் கட்டி வைத்தாள். அந்த வருடம் பழம் முடியும் வரைக்கும் பிழிந்தாள். சைக்கிள்கள் ஒவ்வொரு நாளும் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வந்தன. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமைகளில் நாங்கள் அச்சைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேளைக்கே வீட்டுக்குப் போனோம். நீங்கள் இல்லாத குசினியில் புதிதாக ஒன்றைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. இப்படியே ஒரு வருடம் போய்விட்டது. இப்போது வெயில் ஏறி விற்கிற காலம் வந்துவிட்டது. ஒரு பிறீசர் முழுக்கப் பழைய பாலைப்பழச் சாறு. பால் ஐஸுக்கு இடம் போதவில்லை. கேட்கிற அளவு கிடைக்கவில்லை என்று இரண்டு ஐஸ்பழக்காரர் வேறு இடம் போகப் பார்க்கிறார்கள்.

துளசி எழும்பி வந்து வாளிகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கம்பஸில் வியாபாரம் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் எங்களோடு நின்றுவிட்டாள். கணக்குவழக்கு எல்லாம் இப்போது அவள்தான். கெட்டிக்காரி. கணக்கில் பாலைப்பழ ஐஸுக்கு நேரே என்ன இருக்கிறது என்று என்னை விட அவளுக்குத் தெரியும்.

"எடுப்பம் மாமி," என்றாள்.

"எடுத்து எங்கை வைக்கிறது பிள்ளை? போன வருசத்துச் சாறே கிடக்கு."

"பால் ஐஸைக் கொஞ்சம் குறைப்பம். புதுசு செய்யிற கொம்பனிதான் நிக்கும் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. அம்மா படிக்காமலே அதைச் செய்தவ. அவவின்ரை கடைசிப் புதுசை நாங்களே நிப்பாட்டினால், பிறகு எங்களிட்டை அவவின்ரை எண்டு என்ன இருக்கு?"

அவள் கேட்டது எனக்கு நெஞ்சில் இடித்தது. அவள் படித்ததில் பிழையில்லை. அதை நான் உங்களோடு நின்று கண்ணால் கண்டவள். பாயாச ஐஸும் மோர் ஐஸும் இல்லாவிட்டால் இந்தக் கொம்பனி இல்லை. ஆனால் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிக்க முதல் வாய் சொல்லிவிட்டது.

"இது இப்ப புதுசில்லைப் பிள்ளை. ஒரு வருசமாச்சு. நாங்கள் புதுசு ஒண்டும் செய்யேல்லை. கொம்மாவின்ரை படத்துக்கு மாலை போடுற மாதிரி இதை ஊத்திக்கொண்டு இருக்கிறம்."

துளசி கதிரையை இழுத்துப் போட்டு வெளியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பரிமளம் அச்சுக் கழுவுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இண்டைக்கு வியாழன்," என்றேன். "சட்டப்படி ருசி பாப்பம். அதுக்குப் பிறகு நீர் சொல்லுறதுதான்."

பிறீசரில் இருந்து மூன்று பாலைப்பழ ஐஸை எடுத்து வந்தேன். நீங்கள் போன பிறகு நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்து ருசி பார்ப்பது இதுதான் முதல் தரம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பரிமளம் ஒரு கடி கடித்தாள். "நல்லா..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். "நான் சொல்லேல்லை. பாதிதான் சொன்னனான். அச்சுக் கழுவ மாட்டன்," என்றாள்.

துளசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தாள், உதடு இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொண்டன. பாலைப்பழத்துப் பால் உறைந்தால் மெழுகு மாதிரி. விரலால் உதட்டைப் பிரித்துவிட்டு இன்னொரு கடி கடித்தாள். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் செய்கிற மாதிரியே வாயின் ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஒட்டுது மாமி. பல்லிலை பிடிக்குது. இனிப்புப் போன பிறகு நாக்கை இழுக்கிற ஒரு கயர் நிக்குது."

"எனக்கும்."

"பழமாத் தின்னேக்கை ஒட்டினால் ஒண்டுமில்லை, அது பழத்தின்ரை குணம்," என்றாள் பரிமளம். "ஐஸிலை ஒட்டினால் சனம் பயப்படும். அவ்வளவுதான்."

துளசி அந்த ஐஸை வீசவில்லை. தடி வரைக்கும் தின்று முடித்தாள். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. "அம்மாவுக்கு நாக்குச் சரியா இருந்திருந்தால் ரெண்டு கிழமையிலை நிப்பாட்டியிருப்பா, என்ன மாமி?"

"முதல் கிழமையே நிப்பாட்டியிருப்பா. நிப்பாட்டிப்போட்டு, ஏன் ஒட்டுது எண்டு ஒரு மாசம் என்ரை உயிரை எடுத்திருப்பா."

அதற்கு அவள் அழுகையோடு சிரித்தாள். நானும்தான். மச்சாள், நீங்கள் எங்கள் நாக்கை நம்பினீர்கள். ஒரு வருடம் பிந்தி அதற்குரிய மறுமொழி வந்திருக்கிறது. உங்கள் பாலைப்பழ ஐஸ் சரிவரவில்லை. இதை உங்களுக்குச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேறு யாருக்காவது இப்படிச் சொல்ல என்னால் ஏலாது. உங்களுக்குச் சொல்லலாம். உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மனிசி கிடைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மத்தியானம் ராசு அண்ணை வந்தார். இந்த வருடம் வேண்டாம் என்று துளசியே சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. "சந்தியிலை நிண்டால் பஸ்சுக்குள்ளை இருந்தே வாங்குவினம்," என்று சொல்லிவிட்டு எங்களுக்கென்று ஒரு கிண்ணம் நிறைய அள்ளி வைத்துவிட்டுப் போனார். பழைய சாற்றை எல்லாம் வெளியே எடுத்துப் பிறீசரைக் கழுவினோம். சாற்றைக் காய்ச்சிப் பாணியாக்கி வீட்டுக்கு வீடு கொடுக்கலாம் என்று பரிமளம் பொறுப்பெடுத்தாள். வெறும் பெட்டியைப் பார்க்க முதலில் மனம் என்னவோ செய்தது. பிறகு ஐஸ்பழக்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

அச்சில் பாதி அடுக்கி வைத்தபடி இருந்தது. துளசி அதற்கு முன்னால் நின்று யோசித்தாள்.

"மாமி, இஞ்சிப் பிளேன்டீயை உறைய வைச்சால் என்ன? பஸ்காரர் வெய்யிலுக்கை சுடச்சுடக் குடிக்கினம் தானே. குளிராக் குடுத்துப் பாப்பம்."

"தேத்தண்ணி ஆறினாலே எங்கடை சனம் தூக்கி ஊத்தும். இவ உறைய வைச்சுக் குடுக்கப் போறாவாம்," என்றாள் பரிமளம்.

"அப்ப நீங்கள் முதல் ஆளாத் தின்னுங்கோ அன்ரி."

"தின்னுறன். அச்சு மட்டும் கழுவ மாட்டன்."

நான் கேத்திலை வைத்தேன். தேயிலைச் சாயத்தைக் கடுமையாக விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைக் கொஞ்சம் கூட்டினேன். உறைந்தால் இனிப்புக் குறையும் என்பது நீங்கள் பழக்கினது. சவ்வரிசிக் கஞ்சியும் ஒரு கரண்டி கலந்தேன். துளசி ஊற்றினாள், தடி குத்தினேன்.

நீங்கள் போன பிறகு இந்தக் கொம்பனியை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன், வெட்கத்தோடு சொன்னேன். இனி அதைச் சொல்ல வெட்கப்பட மாட்டேன். தெரியாது என்றால் பாதி அச்சை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் படிப்பித்தீர்கள் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் படிப்பிக்கிற ஆள் இல்லை. உங்களோடு நின்றேன், என்னில் ஒட்டிவிட்டது. வாழ்க்கையில் எனக்கு இருந்ததெல்லாம் போன நேரத்தில் நீங்கள் கறண்ட் இல்லாத ஊரில் பிறீசர் கேட்டீர்கள். அந்தப் பெட்டியோடு சேர்த்து என்னையும் எழுப்பி நிறுத்தினீர்கள். அதற்கு நன்றி என்று எழுதினால் போதாது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த மடலைக் குசினி மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். பொழுது படப் போகிறது. தேத்தண்ணி ஐஸ் அனேகமாகப் பிழையாய்ப் போகும் என்றுதான் நினைக்கிறேன். தேயிலையின் கயர் முன்னுக்கு வரும். துளசி அடிக்கடி வந்து பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். திறந்து திறந்து பார்த்தால் எப்படிப் பிள்ளை உறையும் என்று ஏசினேன். அவள் போன பிறகு நானும் ஒருக்கால் திறந்து பார்த்தேன்.